ஊதிப் பார்த்து வாங்கவும்

பிரேக் ஷூ டப்பாவின் மேல் வாயை வைத்து ஊதிய அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு?

எனக்கு உண்டு. போன செவ்வாய்க்கிழமை, குமணன்சாவடி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், பட்டப்பகலில் ஊதினேன். எனக்கு இந்தப் பக்கம் என் நாத்தனார் ஊதிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ டிரைவர் ஊதிக்கொண்டிருந்தார். கவுன்டருக்குப் பின்னால் கடை முதலாளி ஊதி ஊதி மூச்சு வாங்கி நின்றார். ரோட்டில் போன ஒரு பெண்மணி ஸ்கூட்டியை நிறுத்தி, “இங்க யோகா கிளாஸா? ஃபீஸ் எவ்ளோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. என் நாத்தனாரின் பெயர் கெடுமா, நிற்குமா என்பது அந்த டப்பாவில் ஒட்டியிருந்த ஒரு பச்சை லேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை சிவப்பாக மாறினால் அவள் யோக்கியமானவள். மாறாவிட்டால் திருடி. இது என்ன கூத்து என்கிறீர்களா? இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

என் நாத்தனார் ராஜேஸ்வரியை — ராஜி — உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு விசேஷ வீட்டில் வைத்து என் வத்தக்குழம்பை ‘சுமார்’ என்று சொன்னவள். அதைப் பற்றி நான் இந்தப் பக்கத்தில் எழுதிக் கிழித்ததும், போன் போட்டு, “எல்லாம் சரி அண்ணி, என் பேரை மட்டும் ஏன் போடல?” என்று கேட்டவள். அவ்வளவு தைரியசாலி. இப்போது போட்டுவிட்டேன், சந்தோஷமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளுக்கு ஒரு ஷெட் இருக்கிறது. ஆட்டோவுக்கும் டூ வீலருக்கும் பிரேக் ஷூ செய்கிறாள். சக்கரத்துக்குள் இருந்துகொண்டு, நீங்கள் பிரேக்கை மிதித்ததும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துமே, அந்த அரைவட்டத் துண்டுதான் பிரேக் ஷூ. அதன் மேல் ஒட்டியிருக்கும் கடினமான பட்டைக்கு லைனிங் என்று பெயர். லைனிங் சரியாக ஒட்டியிருந்தால் வண்டி நிற்கும். கழன்றால்…?

ஏழுமலையைக் கேளுங்கள், சொல்வார்.

ஏழுமலை பூந்தமல்லியில் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். போன வருஷம் ஒருநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு காலி வண்டியாகத் திரும்பும்போது, திருமழிசை பக்கம் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். லைனிங் கழன்றுவிட்டது. வண்டி லாரியின் முதுகில் போய் முட்டி, இவருக்குக் கால் எலும்பு முறிந்தது. வண்டியில் போட்டிருந்த பிரேக் ஷூ டப்பாவில் இருந்த பெயர், ராஜியின் பிராண்டு. (பிராண்டு பெயரைச் சொல்லமாட்டேன். விளம்பரம் என்று எடிட்டர் கத்தரிக்கோலை எடுப்பார். அவள் மகளின் பெயர்தான் என்பதோடு விடுகிறேன்.)

கட்டுப் போட்ட காலோடு ஏழுமலை ராஜியின் ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார்.

“இன்னாக்கா, பெத்த பொண்ணு பேர வெச்சிகினு இப்டித்தான் சரக்கு போடுவியா? மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி பாட்டுக்குப் போய்கினே கீது! பசங்க உள்ள இருந்தா இன்னாவாயிருக்கும்? சொல்லு, இன்னாவாயிருக்கும்?”

ராஜி அந்த உடைந்த ஷூவை வாங்கிப் பார்த்தாள். அவளுடையது இல்லை. டப்பா, எழுத்து, லோகோ எல்லாம் அச்சு அசல் அவளுடையது. உள்ளே இருந்த சரக்கு மட்டும் எவனோ செய்தது. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? ‘இது நான் செய்ததில்லை’ என்று எல்லா கம்பெனிக்காரரும்தானே சொல்வார்கள்? ஏழுமலை நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். கால் அவருடையது, ஐயா!

அன்று ராத்திரி ராஜி சாப்பிடவில்லை என்று அவள் கணவர் போன் செய்தார். நான் பேசினேன். “பசங்க உள்ள இருந்தா என்ன ஆயிருக்கும் அண்ணி?” என்று அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டாள். அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, “இவனுங்கள விடமாட்டேன்” என்றாள். அவள் விடமாட்டேன் என்று சொன்னால் விடமாட்டாள். வத்தக்குழம்பு விஷயத்திலேயே பார்த்தவள் நான்.

அப்படித்தான் தேன்மொழி உள்ளே வந்தாள்.

தேன்மொழி கோயம்புத்தூர்ப் பெண். வானகரத்தில் ஃபிளாட். கணவர் ஐ.டி. இவள் கெமிஸ்ட்ரியில் டாக்டரேட் வாங்கிவிட்டு, அதே அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு லேப் வைத்து, நிறம் மாறும் லேபிள் செய்கிறாள். முதல் தடவை அந்த லேபிளை என் கையில் கொடுத்து, “ஊதுங்கக்கா” என்றாள். ஊதினேன். பச்சையாக இருந்தது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பாகிவிட்டது! கையை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி பச்சை. நான் என்ன செய்தேன்? நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். இன்னொரு தடவை ஊதினேன். அப்புறம் இன்னொரு தடவை.

“என்ன சாயம் இது?” என்று கேட்டேன்.

“சாயமே இல்லீங்க்கா இதுல.”

“சாயம் இல்லாம பச்சை எங்கிருந்து வருது?”

“மழை பேஞ்ச ரோட்டுல பெட்ரோல் சிந்திக் கெடந்தா கலர் கலராத் தெரியுதுல்லீங்க? பெட்ரோல்ல யாருங்க சாயம் கலந்தாங்க?”

அதானே!

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலங்கள், தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின மாதிரி. எந்த நிற வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவது என்பதை அந்த அடுக்குகளின் இடைவெளிதான் தீர்மானிக்கிறது. நம் மூச்சில் ஈரம் இருக்கிறது. அது பட்டதும் படலம் லேசாக உப்புகிறது. உப்பினால் இடைவெளி கூடும். கூடினால் பச்சை போய் சிவப்பு வரும். ஈரம் காய்ந்தால் பழையபடி பச்சை. மயில் கழுத்தின் நீலம்கூட பெரும்பாலும் இந்த மாதிரி அடுக்கு வேலைதானாம். வெளிச்சத்தை வைத்து விளையாடும் இந்தச் சமாச்சாரத்துக்குப் ‘போட்டானிக்’ என்று பெயர்.

பளபளக்கிற ஹாலோகிராம் ஸ்டிக்கரை எவன் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். பச்சை நிற இங்க்கும் எல்லா பிரஸ்ஸிலும் இருக்கிறது. ஆனால் இங்க் பச்சைதான், ஊதினாலும் பச்சை, திட்டினாலும் பச்சை. இந்த அடுக்கு வேலையை ஒரு சந்துக்குள் உட்கார்ந்து டூப்ளிகேட் போடுகிறவன் செய்ய முடியாது. அதிலும் தேன்மொழி ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருந்தாள். லேபிளைப் பிய்த்து வேறு டப்பாவில் ஒட்டலாம் என்று எவனாவது கிளப்பினால், லேபிள் துண்டு துண்டாகக் கிழிந்துவிடும்.

ராஜி எல்லா டப்பாவிலும் இந்த லேபிளை ஒட்டினாள். கீழே, ‘ஊதிப் பார்க்கவும். சிவந்தால் அசல்’ என்று அச்சடித்தாள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று கடை கடையாக ஏறி இறங்கி, தானே ஊதிக் காட்டினாள். முதல் ஆளாக ஏழுமலையைத்தான் தேடிப் போனாள். கால் சரியாகி வண்டி ஓட்ட ஆரம்பித்திருந்தார்.

“இத்தினி நாளு போலீசு நிறுத்தி ஊது ஊதுன்னாங்கோ. இப்போ பிரேக் ஷூவும் ஊதச் சொல்லுதா?” என்றாராம். ஆனாலும் ஊதினார். சிவந்தது. “தோ பார்றா!” என்று சிரித்தார். அந்த ‘தோ பார்றா’வை ராஜி என்னிடம் நடித்தே காட்டினாள். அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் நன்றாகத்தானே போகிறது என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது… செவ்வாய்க்கிழமை வரை.

அன்று காலை நான் ராஜி வீட்டில் இருந்தேன். போன் வந்தது. கன்னியப்பன். குமணன்சாவடி கடைக்காரர். ராஜியின் சரக்கை அந்த ஏரியாவில் அதிகம் விற்கிறவர். பரம்பரையாக அந்த ஊர் விவசாயக் குடும்பம். அவர்கள் நெல் வயல்தான் இப்போது கீழே கடை, மாடியில் டியூஷன் சென்டர், பின்னால் கார் வாஷ். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் கன்னியப்பன் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. யாருக்கும் பயப்படாத ராஜி, அவர் போன் என்றால் எழுந்து நின்று பேசுவாள்.

“யம்மா, ஒடனே கெளம்பி வா. உன் சரக்கு எதுவும் சிவக்கல. ஏழுமல வந்து கடையில கத்திகினு கீறான். மத்தியானத்துக்குள்ள நீ வந்து பதில் சொல்லலன்னா, குரூப்புல போட்டுருவேன். கம்பெனியே டூப்ளிகேட் போடுதுன்னு போட்டுருவேன்.”

ராஜியின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வண்டியை அவளிடம் கொடுக்க பயந்து, நானே ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து தேன்மொழிக்குப் போன் போட்டாள். எனக்குக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில்.

“மாறாம இருக்க வாய்ப்பே இல்லீங்க்கா. மூச்சு மேல பட்டா மாறியே ஆவணும்” என்றாள் தேன்மொழி.

“மாறலைங்கறாங்களே தேனு!”

“நெசமாத்தான் சொல்றனுங்க. நீங்க போய்ப் பாத்துட்டுக் கூப்புடுங்க. நான் பொறப்பட்டு வாரேன்.”

கடைக்குள் நுழைந்தோம். கவுன்டரில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. எல்லாம் பளிச்சென்று, ஒரு தூசி இல்லாமல். கன்னியப்பன் சுத்தமான மனுஷர். கால்குலேட்டர் பாலிதீன் கவருக்குள் இருந்தது. அவர் உட்காரும் சுழல் நாற்காலியில் கம்பெனி சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருந்தது. ஃபேன் ரிமோட்டுக்கும் ஒரு கவர், ரப்பர் பேண்டு போட்டு. எங்கள் வீட்டு டி.வி. ரிமோட்டும் இதே கோலத்தில்தான் இருக்கிறது என்பதால் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

ஏழுமலை எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

“அக்கா, நீ எங்கூட்டு வாசலுக்கு வந்து ஊதிக் காட்டுன. நம்புனேன். ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும், அக்கா சரக்க வாங்குடான்னு சொல்லிகினு இருந்தேன். இப்போ நான் வாங்க வந்தா… ஊது. நீயே ஊதிப் பாரு.”

ராஜி ஊதினாள். பச்சை.

இன்னொரு டப்பா. பச்சை. நான் ஒன்றை எடுத்தேன். ஹா… என்று அடிவயிற்றிலிருந்து ஊதினேன். பச்சை. ஏழுமலை ஊதினார், கன்னியப்பன் ஊதினார். யோகா கிளாஸ் பெண்மணி வந்து போனதும் இப்போதுதான். பச்சை, பச்சை, பச்சை. அந்த நிறத்தின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

ராஜி டப்பாவைக் கவுன்டரில் வைத்தாள். “அண்ணே, இது என் டப்பாதான். நான் பேக் பண்ணதுதான். ஏன்னு தெரியலண்ணே.”

“தெரியலன்னா? நான் இன்னா சொல்றது கஸ்டமருக்கு? கம்பெனிக்காரம்மாவுக்கே தெரியலையாம்னு சொல்லட்டுமா?”

எனக்கு வந்ததே கோபம்! “அவ கம்பெனிலேர்ந்து வந்தப்போ சரியாத்தானே இருந்தது? உங்க கடைல என்ன பண்ணீங்க? வெயில்ல போட்டீங்களா, மழைல போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

கன்னியப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“நானா? வெயில்லயா? இன்னா மேடம் பேசறீங்கோ? இந்தம்மா சரக்க நான் எப்டி வெச்சிகினு கீறேன் தெரியுமா? கண்டவன் கைய வெப்பான், கிரீஸ் கைய வெப்பான், கலர் மாற்ற ஸ்டிக்கரு, அழுக்கானா போச்சேன்னு, ஒவ்வொரு டப்பாவா எடுத்து, என் கையால, நெளிவு இல்லாம டேப்பு ஒட்டி…”

நின்றுவிட்டார்.

நாங்களும் நின்றுவிட்டோம்.

ராஜி டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடி மாதிரி டேப். டப்பாவின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை, ஓரத்தைக் கச்சிதமாக மடித்து, ஒரு காற்றுக் குமிழி இல்லாமல் ஒட்டியிருந்தார் மனுஷர். அட்டைதான் நல்ல பளபளப்பு என்றல்லவா நினைத்தேன்! மூச்சு மேல பட்டா மாறியே ஆவணும் என்றாளே தேன்மொழி. எங்கே பட்டது? நாங்கள் நாலு பேரும் இவ்வளவு நேரம் டேப்பைத்தானே ஊதிக்கொண்டிருந்தோம்!

“அண்ணே…” என்றாள் ராஜி. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. “ஊதிப் பாக்கறதுக்குன்னு ஒட்டின லேபிள்ணே அது!”

“ஊதி ஊதி எச்சி பட்டு வீணாப்பூடும்னுதாம்மா…”

ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் உடனே அவர் கேட்ட கேள்வி நியாயமானது. “இதெல்லாம் சரி. டேப்ப எடுத்துட்டு ஊது. அப்போ சொல்லு.”

ராஜி ஓரத்தை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பாக இழுத்தாள். டேப் வந்தது. கூடவே லேபிளும் பொடிப்பொடியாகக் கிழிந்து வந்தது! பிய்த்தால் கிழியட்டும் என்று தேன்மொழி செய்து வைத்த கெட்டிக்காரத்தனம், எங்கள் மேலேயே வேலையைக் காட்டியது. கன்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நிரூபிக்க முடியாது போல அண்ணி” என்றாள் ராஜி, என் காதோரம்.

முடியாதா? எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரை ஆயுசு பூராவும் எடுத்தவளிடம் வந்து முடியாது என்பதா? “நகரு” என்றேன். “பக்கத்து டீக்கடைல சூடா ஒரு டீ சொல்லுங்க. கிளாஸ் சுடணும். ஆறிப்போனா வேணாம்.”

டீ வந்தது. கர்ச்சீப்பால் கிளாஸைப் பிடித்து, அடுத்த டப்பாவின் டேப் மேல் வைத்து அழுத்தினேன். பசை இளகட்டும் என்று காத்திருந்தேன். சூடு இறங்கியதும், ஓரத்திலிருந்து மெதுவாக… இழுக்காமல், உருட்டினேன். புதுக் குடத்தில் ஸ்டிக்கர் எடுக்கும்போது இருக்குமே ஒரு பொறுமை, அதே பொறுமை. வேறு எந்த விஷயத்திலும் எனக்கு அது கிடையாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டேப் முழுசாக வந்தது. லேபிள் டப்பாவிலேயே நின்றது, ஒரு கீறல் இல்லாமல்.

ராஜி டப்பாவை ஏழுமலையிடம் நீட்டினாள். “நீ ஊது.”

ஏழுமலை ஊதினார்.

பச்சை மஞ்சளானது. மஞ்சள் ஆரஞ்சானது. ஆரஞ்சு, குங்குமம் மாதிரி சிவந்தது.

நிறம் மெல்ல இறங்கிப் பச்சைக்குத் திரும்பியது. ஏழுமலை மறுபடி ஊதினார். மறுபடி சிவந்தது. ராஜி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், டீ ஆவி பட்டதாகப் பேர் பண்ணிக்கொண்டு.

கதை இங்கேயே முடிந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்போம். முடியவில்லை.

“எல்லாத்தையும் எடுத்துருவோம். நான் ஒட்டுனத நானே எடுக்கறேன்” என்று கன்னியப்பன் உட்கார்ந்தார். டீ மேல் டீ வந்தது. நான் சூடு வைக்க, அவர் உரிக்க, ஏழுமலை ஊதினார். சிவப்பு. சிவப்பு. சிவப்பு. கடைக்கு வந்த இரண்டு மெக்கானிக்குகளும் கை தட்டி ரசித்தார்கள். அப்புறம் ஒரு டப்பா வந்தது. ஏழுமலை ஊதினார்.

பச்சை.

“நல்லா ஊதுடா” என்றார் கன்னியப்பன். ஊதினார். பச்சை. கன்னியப்பன் பிடுங்கித் தானே ஊதினார். நான் டீ கிளாஸின் ஆவியிலேயே காட்டினேன். பச்சை. ராஜி வாங்கி, விரலை நாக்கில் தொட்டு லேபிளில் வைத்தாள். ம்ஹூம். பச்சை இங்க். டப்பாவைத் திறந்து ஷூவை எடுத்தாள். லைனிங்கின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பெயர்ந்துவிட்டது!

கன்னியப்பன் அந்த பிளாஸ்டிக் சுற்றிய நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“நடுவுல ஸ்டாக் இல்லாம பூடுச்சு. பைபாஸ்ல ஒருத்தன் வேன்ல வந்தான். கம்பெனி ஆளுன்னான். வேன்லயே ஒண்ண ஊதிக்கூட காட்னான். அது செவந்துச்சு. மீதிய நான் ஊதலம்மா… வாங்கியாந்து, இதுங்களோட சேத்து, டேப்பு ஒட்டி வெச்சிட்டேன்.”

காட்டியது ஒன்று, கொடுத்தது இன்னொன்று. மீதியையும் ஊதியிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

ஏழுமலை அந்தப் பெயர்ந்த லைனிங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டார்.

“நைனா, காலைல நான் பசங்கள ஏத்திகினு போறேன். இத எனக்குக் குடுத்திருப்பியா?”

கன்னியப்பன் கொடுத்திருப்பார். பளிச்சென்று, தூசி இல்லாமல், நல்ல சரக்கு என்று நம்பியே கொடுத்திருப்பார்.

அவர் போனை எடுத்தார். குரூப்பைத் திறந்து, வாய்க்குப் பக்கத்தில் வைத்து, எல்லார் முன்னாலும் பேசினார். “நான் கன்னியப்பன் பேசறேன். நம்ம ராஜேஸ்வரியம்மா சரக்கு சுத்தம். தப்பு என்னுது. வேன்ல வந்த சரக்க வாங்கி கலந்துட்டேன். உங்க கடையிலயும் வேன்காரன் வந்திருப்பான். ஒவ்வொரு டப்பாவா ஊதிப் பாருங்கோ. என்னிய மாறி மேல டேப்பு ஒட்டிக்கினு ஊதாதீங்கோ.”

அந்தக் கடைசி வரியை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னார் பாருங்கள், அதற்காகவே அவர் ஒட்டிய டேப்பையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

வேர்க்க விறுவிறுக்கத் தேன்மொழி வந்து சேர்ந்தபோது, கவுன்டர் முழுக்க டீ கிளாஸும் உரித்த டேப்பும்தான் கிடந்தன. விஷயத்தைக் கேட்டுவிட்டு, “லேப்ல வெயில்ல வெச்சுப் பாத்தனுங்க, ஃப்ரிட்ஜ்ல வெச்சுப் பாத்தனுங்க, எண்ணெய் ஊத்திக்கூடப் பாத்தனுங்க. மேல டேப் ஒட்டுவாங்கன்னு தோணவே இல்லையே!” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். எப்படித் தோன்றும்? நம் ஆட்களைப் பற்றி எந்த லேபில் சொல்லித் தருகிறார்கள்?

யோசித்துப் பாருங்கள். புது கார் வாங்கினால் சீட் கவரைப் பிரிக்காமல் வருஷக்கணக்கில் வேர்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் நாம். சோஃபாவுக்கு உறை, உறைக்கு மேல் துண்டு. மைக்ரோவேவுக்குச் சட்டை தைத்துப் போட்டவர்களும் நம் சொந்தக்காரர்கள்தான். மதிப்பு வைத்திருக்கிறோம் என்பதைக் காட்ட நமக்குத் தெரிந்த ஒரே வழி, அதன் மேல் எதையாவது சுற்றுவது! கன்னியப்பன் செய்தது அலட்சியமா? இல்லவே இல்லை. ராஜியின் சரக்கை அந்த ஏரியாவிலேயே அவர் அளவுக்கு மதித்தவர் யாரும் கிடையாது. மதித்து மதித்தே அவளைக் கவிழ்க்கப் பார்த்தார்.

ஒன்று மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. மூச்சு படாமல் மூடி வைத்தால் அசலும் பச்சை, போலியும் பச்சை. நல்ல சரக்குக்கு நம் மூச்சைக் கண்டு என்ன பயம்? ஊதட்டுமே. எச்சில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஏழுமலை சிவந்த டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு, வாசலிலேயே மெக்கானிக்கை உட்கார வைத்து மாட்டச் சொன்னார். வேலை முடிந்ததும் காலியாக இருந்த சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் வேகமாக ஓட்டிப் போய், மிதித்தார். வண்டி குத்துக்கல் மாதிரி நின்றது. திரும்பி வந்து, ராஜியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“அக்கா, அன்னிக்கு உன் ஷெட் வாசல்ல கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத.”

“கால் உடைஞ்சவன் பேசாம யார் பேசுவா? விடு. இனிமேலாவது நம்புவியா?”

“உன்னிய நம்பறேன்கா. ஆனா ஊதிட்டுத்தான் மாட்டுவேன்.”

ராஜி வாய்விட்டுச் சிரித்தாள். அன்று காலையிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. “அதுக்குத்தானே ஒட்டியிருக்கேன்! ஊது!” என்றாள்.

நேற்று குமணன்சாவடி பக்கம் போனேன். கன்னியப்பன் கடையில் ஒரு டப்பாவில்கூட டேப் இல்லை. கவுன்டருக்கு மேலே புதுசாக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார். ‘ஊதிப் பார்த்து வாங்கவும். பாக்கு போட்டவர்கள் வாய் கொப்பளித்துவிட்டு ஊதவும்.’

அந்த போர்டுக்கு மட்டும் லேமினேஷன் போட்டிருக்கிறார். போகட்டும், அதை யாரும் ஊதிப் பார்க்கப் போவதில்லை!